உடற்பருமன் அறுவைக்குப் பின்: உடலின் எச்சரிக்கையும் காப்பீட்டின் மறுப்பும்

உடற்பருமனைக் குறைக்கும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் மதுரை, கோவை, சென்னை போன்ற நகரங்களில் நடைபெறுகிறது. அதன் பின்விளைவுகள் வீட்டில் நேர்கின்றன. எப்போதும்வென்றானிலோ எட்டயபுரத்திலோ விளாத்திகுளத்திலோ, இரவு பத்து மணிக்கு மேல், அறுவை செய்த மருத்துவர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வேளையில் நேர்கின்றன. அந்நேரத்தில் குடும்பத்தார் மனத்தில் இரண்டு கேள்விகள் ஒருசேர எழுகின்றன. இந்த வலி பெரிதா? பெரிதென்றால் பணத்துக்கு என்ன வழி? முதல் அறுவைக்கே காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்திருந்தால், இரண்டாவது கேள்வி முதல் கேள்வியை விழுங்கிவிடுகிறது. "விடியட்டும், பார்ப்போம்" என்று படுத்துவிடுகிறார்கள்.

இவ்விரண்டு கேள்விகளையும் தனித்தனியே பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். வலி பற்றிய கேள்விக்குச் சில மணி நேரத்துக்குள் விடை கண்டாக வேண்டும். பணம் பற்றிய கேள்விக்கோ விதிகளே ஓராண்டு வரை அவகாசம் தருகின்றன. ஆகவே முதலில் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்தோடு வழக்காடுவதற்குப் பின்னர் நாள் இருக்கிறது.

உடற்பருமன் நகரத்தாரின் நோய் என்னும் எண்ணம் நம் பகுதியில் இன்னும் மறையவில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். கம்மங்கூழும் சோளச்சோறும் உண்டு கரிசல் காட்டில் உழைத்த தலைமுறையின் பிள்ளைகளும் இக்கணக்கில் அடங்குவர். "காசைக் கொடுத்து வயிற்றை அறுத்துக்கொண்டாள்" என்று ஊரார் பேசும் பேச்சை நோயாளிகள் எங்களிடம் சொல்லி வருந்துவதுண்டு. நீரிழிவும் மூட்டுத் தேய்வும் உறக்கத்தில் மூச்சுத் தடையும் கொண்ட ஒருவருக்கு இந்த அறுவை அலங்காரம் ஆகாது, அது மருத்துவம். பின்விளைவு வந்தால் அதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை.

முதல் சில வாரங்கள்

நம் நாட்டில் மிகுதியாகச் செய்யப்படுபவை இரண்டு முறைகள். ஒன்று 'ஸ்லீவ்': இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி, மீதியை ஒரு குழாய்போல ஆக்குவது. மற்றொன்று 'பைபாஸ்': இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது. உங்களுக்குச் செய்யப்பட்டது எது என்பதை நீங்களும் உங்களோடு இருப்பவர்களும் பெயரோடு தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவசரத்தில் "வயிற்றில் ஆபரேசன்" என்று மட்டும் சொன்னால், பணியில் இருக்கும் மருத்துவருக்கு அது போதாது.

முதல் சில வாரங்களில் நாங்கள் அதிகம் அஞ்சுவது கசிவையே. தையலிட்ட இடத்திலிருந்து உணவோ நீரோ வயிற்றுக்குள் கசிந்தால் நஞ்சேறும். வயிறு கடினமாவது போன்ற பழகிய அடையாளம் இவர்களிடம் தாமதமாகவே தெரியலாம். முதலில் தெரிவது பெரும்பாலும் நாடித் துடிப்புத்தான். அமைதியாகப் படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120க்கு மேல் துடித்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் புறப்பட்டு வாருங்கள். இடத் தோளில் வலி, மூச்சு வாங்குதல், காரணமின்றி வரும் பெரும் பதற்றம் ஆகியவையும் கசிவின் அடையாளங்களாக இருக்கக்கூடும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீரென நெஞ்சுவலியோடு மூச்சுத்திணறல் என்றால், காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்றிருக்கலாம். கருநிற மலமும் இரத்த வாந்தியும் உட்கசிவைக் காட்டும். இவற்றில் எதுவானாலும் 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

2024 ஏப்ரலில் சென்னையை அடுத்த பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த அறுவைக்குச் சென்ற ஓர் இளைஞர் உயிரிழந்தார். மாநில அரசு விசாரணை நடத்தி, அம்மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அச்செய்தி வந்தபின் அறுவை முடிந்து நலமாக இருந்தவர்களும் அஞ்சினார்கள். அனுபவமுள்ள குழுவினர் செய்யும்போது பெரும்பாலோர் நலமாகவே வீடு திரும்புகிறார்கள். ஆயினும் அறுவைக்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும்: இங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? இரவில் அறுவை மருத்துவர் இருப்பாரா? ஊருக்குத் திரும்பியபின் சிக்கல் வந்தால் யாரை, எந்த எண்ணில் அழைப்பது? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காத இடத்தில் அறுவை செய்துகொள்ள நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மாதங்கள் கடந்தபின்

எடை நன்றாகக் குறைந்து, பழைய ரவிக்கைகள் தொளதொளத்து, ஊரார் வியக்கும் வேளையில் வருகிற சிக்கல்கள் வேறு வகையின. நம் பகுதியின் பழக்கவழக்கங்களோடு பின்னிக்கிடப்பதால் அவற்றைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

பைபாஸ் செய்தவர்களுக்கு உடலின் உட்கொழுப்பு கரைந்தபின் குடற்தாங்கியின் இடைவெளிகள் அகலும். அவ்விடைவெளியில் சிறுகுடல் நுழைந்து முறுக்கிக்கொள்வதே உள் குடலிறக்கம். வெளியில் புடைப்பு ஏதும் தெரியாது. உண்டபின் வயிறு முறுக்கி வலிக்கும், சில மணி நேரத்தில் விட்டுவிடும், மறுபடி வரும். இதை 'வாயு' என்றும் 'குடலேற்றம்' என்றும் கருதி எண்ணெய் தேய்த்து வயிற்றை நீவிவிடுவது வழக்கம். சோறு தங்காமல் வாந்தி வந்தால் தொக்கம் எடுக்க அழைத்துச் செல்வதும் உண்டு. ஊர் வழக்கத்தை இகழ்வது எங்கள் நோக்கமன்று. ஆனால் பைபாஸ் செய்த வயிற்றை நீவவும் கூடாது, அதற்குத் தொக்கமும் எடுக்கக் கூடாது. முறுக்கிய குடலுக்கு இரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கும்.

அடுத்தது வலி மாத்திரை. பருத்தி எடுத்து, மிளகாய் பறித்து, களை வெட்டி வந்த இரவில் இடுப்பு வலிக்குக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது இங்கே இயல்பான செயல். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன், அசிக்ளோஃபினாக் ஆகிய மாத்திரைகள் பைபாஸின் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். அப்புண் துளையாகவும் மாறலாம். பீடியும் சிகரெட்டும் அதே வேலையைச் செய்யும். வலிக்குப் பாராசிட்டமால் போதும்; போதாவிட்டால் எங்களைக் கேளுங்கள். மருந்துக் கடையில் கேட்காமலே தருவார்கள் என்பதால், "எனக்கு இரைப்பை அறுவை ஆகியிருக்கிறது" என்று சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

இனிப்பு இன்னொன்று. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இரண்டு துண்டு, ஒரு குவளை பதநீர், கருப்பட்டி மிகுதியாய்ச் சேர்த்த உளுந்தங்களி ஆகிய எதுவானாலும், சர்க்கரை இரைப்பையில் தங்காமல் குடலுக்குள் வேகமாகச் சரியும். அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுக் கடுப்பு, பேதி ஆகியவை வரும். இதை 'டம்பிங்' என்பர். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரும். அஞ்சத்தக்க நோயன்று, உணவை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும். பாசிப்பயறு, முட்டை, மீன், மோர் எல்லாம் நமக்கு எட்டாதவை அல்ல. நீரை உணவோடு சேர்க்காமல், இடைவேளைகளில் சிறிது சிறிதாகப் பருக வேண்டும். சித்திரை வெயிலில் காட்டுக்குப் போகிறவர் சொம்பு நீரை ஒரே மூச்சில் குடிக்க இயலாது என்பதால், குப்பியைக் கையோடு வைத்திருப்பது நலம்.

எல்லாவற்றினும் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது இது. நாள்கணக்கில் வாந்தி நீடித்தால் உடலில் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 தீர்ந்துபோகும். சோர்ந்து கிடப்பவரை அருகிலுள்ள மருத்துவரிடம் அழைத்துச் சென்று, "ஒரு குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள்" என்று கேட்பதே நம் வழக்கம். தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸ் ஏறினால் எஞ்சியிருக்கும் தயமினும் செலவழிந்து மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடும், பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சு குழம்பும். காலந்தாழ்த்தினால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடக்கூடும். அறுவை செய்தவரோடு செல்லும் உறவினர் ஒரே ஒரு சொற்றொடரை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்: "இவருக்கு இரைப்பை அறுவை ஆகியிருக்கிறது, பல நாளாக வாந்தி, குளுக்கோஸுக்கு முன் தயமின் போடுங்கள்." அதைக் கேட்கும் மருத்துவர் எவரும் கோபப்பட மாட்டார்.

முடி உதிர்தல், பித்தப்பைக் கல், இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி குறைவு ஆகியவை பற்றி முந்தைய இதழ்களில் எழுதியிருப்பதால் இங்கே விரிக்கவில்லை. சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுமைக்கும் உரியவை என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். நீரிழிவு மாத்திரையையோ இன்சுலினையோ பழைய அளவிலேயே தொடராமல் மருத்துவரிடம் காட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும். பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிவைப்பது நல்லது. இதை மாமியாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால் அவரையும் அழைத்து வாருங்கள், நாங்கள் சொல்கிறோம்.

மறுப்புக் கடிதத்தை எப்படிப் படிப்பது

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் மருத்துவக் காப்பீட்டின் விலக்குகளை ஒரே சீரான சொற்களில் வகுத்தது. அவ்விலக்குகளுக்கு எண்கள் உண்டு. உடற்பருமன் சிகிச்சைக்கு உரியது ஆறாம் விலக்கு. பலர் இதை "எடை அறுவைக்குப் பணம் இல்லை" என்று படித்துவிடுகிறார்கள். அது கூறுவது வேறு. மருத்துவரின் அறிவுரைப்படி, மருத்துவ நெறிமுறைகளுக்கு இணங்க, 18 வயது நிறைந்தவருக்குச் செய்யப்பட்டு, உடல் நிறை எண் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்த அறுவையை அவ்விலக்கு தடுக்காது. அவ்வெண் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, எளிய முறைகளில் எடை குறையாமல், உடற்பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய இரத்தக்குழாய் நோய், உறக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை, கட்டுக்கடங்காத இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் தடுக்காது.

இங்கே ஒரு முரண் உள்ளது. 40, 35 என்னும் எல்லைகள் 1991இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டவை. 2022இல் இரு அறுவை மருத்துவர் சங்கங்கள் அவற்றைத் தளர்த்தி, நீரிழிவு உடையவர்களுக்கு 30இலிருந்தே அறுவையைக் கருதலாம் என்றும், ஆசியர்களுக்கு அறுவைக்கான எல்லையையே 27.5 ஆகக் கொள்ளலாம் என்றும் கூறின. எனவே மருத்துவர் 33 எண் உள்ளவருக்கு அறுவை வேண்டும் என்பதும் நேர்மையே. காப்பீட்டு நிறுவனம் அதே அறுவைக்குப் பணம் மறுப்பதும் பத்திரத்தின் சொற்படியே. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. இந்த இடைவெளி ஒழுங்குமுறையில்தான் சரிசெய்யப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதுவரை, 35க்குக் கீழ் உள்ளவர்கள் காப்பீட்டை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

பின்விளைவுக்கான சிகிச்சை வேறு கதை. எடுத்துக்காட்டாக ஒரு நிலைமையைக் கற்பனை செய்வோம். எப்போதும்வென்றானைச் சேர்ந்த ஒரு பெண், பைபாஸ் முடிந்து பதினான்கு மாதம் கழித்து, முறுக்கு வலியோடு சேர்க்கப்படுகிறார். அவரது டிஸ்சார்ஜ் சம்மரியில் "எடை குறைப்பு அறுவை செய்தவர், வயிற்றுவலி, பரிசோதனைக்காகச் சேர்க்கப்பட்டார்" என்று இருந்தால், மறுப்பு ஏறத்தாழ உறுதி. பரிசோதனைக்காக மட்டும் சேர்வதை நான்காம் விலக்கு தடுக்கிறது. 'எடை குறைப்பு' என்ற சொல் ஆறாம் விலக்கை நினைவூட்டுகிறது. அதே பெண்ணுக்கு உண்மையில் நடந்தது என்ன? சி.டி. ஸ்கேனில் சிறுகுடல் அடைப்பு தெரிந்தது. உள் குடலிறக்கம் உறுதியானது. குடல் அழுகாமல் இருக்க அன்றிரவே அறுவை செய்யப்பட்டது. அதை அப்படியே முழுமையாக எழுதியிருந்தால் கோரிக்கையின் வலு வேறு. இல்லாததை எழுதும்படி நாங்கள் கூறவில்லை, எழுதவும் மாட்டோம். பழைய அறுவையை மறைப்பதும் கூடாது. நோயின் பெயர், அவசரத்தின் காரணம், சேர்க்காமல் இருந்திருந்தால் நேர்ந்திருக்கும் ஆபத்து ஆகிய மூன்றும் சம்மரியில் உள்ளனவா என்று வீட்டுக்குப் புறப்படும் முன்னரே படித்துப் பாருங்கள். விடுபட்டிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

முதல் அறுவை ஆறாம் விலக்கின் நிபந்தனைகளை நிறைவு செய்திருந்தால், அதன் பின்விளைவை அவ்விலக்கைக் காட்டி மறுப்பது பொருந்தாது. நிறைவு செய்யாதிருந்தால் நிறுவனம் வாதாடும். ஆயினும் குடல் அடைப்பு உயிர்காக்கும் சிகிச்சை, எடை குறைப்பதற்கான அறுவை அன்று என்று எதிர்வாதம் வைக்க இடம் உண்டு. எடை குறைந்தபின் தொங்கும் தோலை நீக்குவதையும் 'அழகு அறுவை' என்று எட்டாம் விலக்கின்கீழ் மறுப்பர். மடிப்புகளில் ஆறாத புண்ணும் தொற்றும் இருந்து, உடலுக்கு நேரடியான உடனடி ஆபத்து என மருத்துவர் சான்றளித்தால், அதே விலக்கில் விதிவிலக்கும் உண்டு. புண்ணின் புகைப்படங்களைத் தேதியோடு சேர்த்துவையுங்கள். சத்து மாத்திரைகளின் செலவை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். மருத்துவமனையில் சேர்ந்த சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதித் தந்தாலன்றி அது கிடைக்காது.

'கேஷ்லெஸ்' மறுப்பும் கோரிக்கை மறுப்பும் ஒன்றல்ல. 2024 மே மாத ஆணைப்படி கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் முடிவு கூற வேண்டும். கேஷ்லெஸ் இல்லை என்று வந்தால், பணம் கட்டி, எல்லா இரசீதுகளோடும் திரும்பப்பெறும் கோரிக்கையைப் பின்னர் அனுப்பலாம். இதை அறியாமல் பலர் அந்த முதல் குறுஞ்செய்தியோடு நின்றுவிடுகிறார்கள். தொடர்ந்து ஐந்தாண்டு பாலிசி வைத்திருந்தவர்களிடம், மோசடி என்று நிறுவினாலன்றி, "பழைய நோயை மறைத்தீர்கள்" என்று சொல்லி மறுக்கவும் இயலாது.

எங்கே முறையிடுவது

மறுப்பை எழுத்தில், எந்தப் பிரிவின்கீழ் என்ற விளக்கத்தோடு கேட்டுப் பெறுங்கள். தொலைபேசியில் சொல்வது மறுப்பாகாது. பின்னர் அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஆணையத்தின் 'பீமா பரோசா' சேவையில் 155255 என்ற எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்தில் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவு தராவிட்டாலோ, சென்னை அண்ணா சாலை, தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் செல்லலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞருக்கு அங்கே இடமும் இல்லை. நோயாளியோ அவருடைய வாரிசோ பேசினால் போதும். இணையவழியில் மனுச் செய்யவும் காணொலியில் விசாரணையில் பங்கேற்கவும் வசதி இருப்பதால் சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டிய கட்டாயமும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு நிறைவில்லை என்றால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். வரிசையை மாற்றிவிடாதீர்கள்: நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது குறைதீர்ப்பாளர் அம்மனுவை ஏற்க மாட்டார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்போருக்கு வழி வேறு. ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு உரிய அத்திட்டம், பட்டியலிட்ட சிகிச்சைகளின் அடிப்படையில் இயங்குகிறது. எடை அறுவையைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடாமல், இப்போது வந்துள்ள நோயின் பெயரைச் சொல்லி, அது பட்டியலில் உள்ளதா என்று 1800 425 3993 என்ற எண்ணில் கேளுங்கள். தீப்பெட்டி ஆலையிலோ நூற்பாலையிலோ பணிபுரிவோர் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் எடுத்து வாருங்கள். தங்களுக்கு அது இருப்பதையே மறந்துவிடுபவர்கள் உண்டு.

அறுவைக் குறிப்பு, அறுவைக்கு முந்தைய உயரமும் எடையும் எழுதிய மருத்துவர் சீட்டு, பாலிசிப் பத்திரம், எல்லா டிஸ்சார்ஜ் சம்மரிகள், ஸ்கேன் அறிக்கைகள், மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை ஒரே பையில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும் இடத்தில் மாட்டிவையுங்கள். நோயாளி மயங்கிக் கிடக்கும் இரவில் பையைத் தேடி எடுக்க வேண்டியவர் அவராக இருக்கப்போவதில்லை. எடை 100 கிலோவுக்கு மேல் இருந்த நாளில் எழுதப்பட்ட அந்தச் சீட்டுத்தான் இவற்றுள் முதலில் தொலைந்துபோவது. அது இல்லாமல் அன்றைய உடல் நிறை எண்ணை நிறுவுவது கடினம். அறுவை செய்த மருத்துவமனையில் அதன் நகலை இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். படிக்க இயலாத கையெழுத்தாக இருந்தால் எங்கள் புறநோயாளர் பிரிவுக்குக் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்கிறோம்.